தெற்குச் சுவர்

தெற்குச் சுவரில் வெயில் விழும் என்று இருவரும் காத்திருந்தார்கள்.

வெரிபீயின் மேற்கு விளிம்பில், இன்னும் வேலியடைக்கப்படாத மனைகளுக்கு நடுவே, அந்த வீடு ஏறத்தாழ முடிந்து நின்றது. கூரை போட்டாயிற்று, கண்ணாடிகள் பொருத்தியாயிற்று, வாசலுக்கு முன்னாலிருந்த சேறு மட்டும் காயவில்லை. யன்னல் சட்டங்களுக்கும் செங்கல்லுக்கும் இடையில் விடப்பட்டிருந்த விரலளவு இடைவெளிகளை வெளிப்புறமாக அடைப்பது சிவபாலனுக்கும் கணேசலிங்கத்துக்கும் கொடுக்கப்பட்ட வேலை. முதலில் நுரைக் கயிற்றை இடைவெளிக்குள் அழுத்திச் செருக வேண்டும். இருபுறமும் ஓரங்களை மறைக்க ரேப் என்ற ஒட்டுநாடாவை ஒட்ட வேண்டும். பிறகு துப்பாக்கி வடிவக் கன்னில் ரியூபை மாட்டி, விசையை ஒரே சீராக அழுத்தி, சீலண்ட் என்று எல்லோரும் சொல்லும் அந்தப் பசையைக் கோடாக விட வேண்டும். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த விரலால் அதைத் தடவி, பசையின் மேற்பரப்பில் தோல் பிடிப்பதற்குள் ரேப்பை உரித்துவிட வேண்டும். சுவர் காய்ந்திருந்தால்தான் பசை பிடிக்கும். யூலை மாதத்தில் அங்கே எதுவும் எளிதில் காய்வதில்லை.

காலையில் அவர்கள் வந்து இறங்கியபோது செங்கற்களில் உறைபனி வெள்ளையாகப் படர்ந்திருந்தது. எனவே வேலையின் ஒழுங்கைச் சிவபாலன் வகுத்தான். வடக்கு, கிழக்கு, மேற்கு, கடைசியில் தெற்கு. அவன் வல்வெட்டித்துறையில் கடலுக்குப் போனவன். வெயில் எங்கே எப்போது விழும் என்று அவனிடம் யாரும் மறுத்துப் பேசியதில்லை.

"இன்னும் கொஞ்ச நேரத்தில இஞ்சால வரும் அண்ணை," என்றான். "குளிர் காலத்தில சூரியன் தெற்கால சாஞ்சுதானே போறது. தை மாதத்தில எங்கட வீட்டுத் தெற்குப் பக்கம் முழுக்க வெயில்."

கணேசலிங்கம் அண்ணாந்து பார்த்தார். ஐம்பத்தைந்து வயது, கூட்டுறவுச் சங்கக் கடையில் மனேச்சராக இருந்தவர். இந்த நாட்டுக்கு வந்த பிறகு, முதுகு பிடித்துக்கொள்ளும்வரை, ஒரு பெரிய குளிர்க்களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினார். அங்கே யன்னல் இருக்கவில்லை. சூரியன் எந்தப் பக்கத்தால் போகிறது என்று பார்க்கும் தேவை அவருக்கு வரவேயில்லை.

"கடல்ல நிண்டவன் நீ. நீ சொன்னால் சரி," என்றார். "எனக்குத் தெரிஞ்ச திசை ஸ்பிரிங்வேல் ஸ்ரேஷன் மட்டும்தான்."

அவர்கள் நிழலில் நின்றார்கள். வடக்குச் சுவரில் போட்ட பசை அதற்குள் தோல் பிடித்து இறுகத் தொடங்கியிருந்தது. மேற்குச் சுவரும் காய்ந்திருந்தது. தெற்கில், உறைபனி உருகி விட்ட ஈரம் செங்கற்களுக்கு நடுவில் கறுப்பாக நின்றது. சிவபாலன் சற்றைக்கொரு தடவை உள்ளங்கையைச் சுவரில் அழுத்தி எடுத்துப் பார்த்தான். வீட்டின் நிழல் பக்கத்து மனைவரை நீண்டு கிடந்தது. அது குறுகவில்லை.

இரண்டரை மணியளவில் ஸ்ரீகாந்தனின் வாகனம் சேற்றில் வந்து நின்றது. அவர்தான் முதலாளி. தொண்ணூறுகளில் வந்தவர், கிளென் வேவர்லியில் வீடு. அந்தக் குடியிருப்புத் திட்டத்தில் இந்த அடைப்பு வேலையைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்.

"என்னப்பா, ஆளையாள் பாத்துக்கொண்டு நிக்கிறியள்? பெண் பாக்க வந்த மாதிரி."

"வெயிலுக்குப் பாத்துக்கொண்டிருக்கிறம்," என்றார் கணேசலிங்கம்.

"எந்த வெயிலுக்கு?"

சிவபாலன் சுவரைக் காட்டினான். ஸ்ரீகாந்தன் ஒரு கணம் அவனைப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். சிரித்து முடிய நேரமெடுத்தது.

"அட தம்பி. இந்தச் சுவருக்கு வெயில் வேணுமெண்டால் கோடை வருமட்டும் நிக்கோணும். இஞ்ச சூரியன் வடக்கால போறவர். எங்கட ஊரில்லை."

சிவபாலன் திரும்பி, கூரையின் மறுபுறம் வானத்தில் வெளிச்சம் நின்ற இடத்தைப் பார்த்தான். அகதியாகக் கப்பலில் வந்து இறங்கியவன். பாலைவனத்துத் தடுப்பு முகாமில் மாதக்கணக்காக வேலிக் கம்பியின் நிழலை மண்ணில் பார்த்துக்கொண்டிருந்தவன். அது எந்தப் பக்கம் விழுந்தது என்று யோசித்ததில்லை.

"எனக்குத் தெரியேல்லை அண்ணை," என்றான். பிறகு, "சுவர் ஊறிப்போய்க் கிடக்கு. இண்டைக்கு விட்டிட்டு நாளைக்கு ஏதும் காயவைக்கிற சாமான் கொண்டுவந்து செய்வம்," என்றான்.

"நாளைக்குக் காலமை வீட்டுக்காரருக்குத் திறப்புக் குடுத்து வீட்டை ஒப்படைக்கினம். சுப்பவைசர் என்ர கழுத்தில நிக்கிறான். துணியால துடைச்சுப்போட்டு அடியுங்கோ."

"பிடிக்காது அண்ணை."

"பிடிக்கும். அடி."

அவர்கள் துடைத்தார்கள். துடைத்த துணியைப் பிழிந்துவிட்டு மறுபடியும் துடைத்தார்கள். பொழுது மங்கியதும் ஸ்ரீகாந்தன் வாகனத்தைத் திருப்பி அதன் முன்விளக்குகளைச் சுவரில் பாய்ச்சினார். அந்த வெளிச்சத்தில் பசை வெள்ளையாக, நேராக, குறையில்லாமல் தெரிந்தது. கட்டட நிறுவனத்தின் சுப்பவைசர் வந்து டோர்ச் அடித்துப் பார்த்து, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான்.

மூன்று வாரங்கள் மழையும் காற்றுமாகக் கழிந்தன. ஒரு சனிக்கிழமை, அதே தெருவின் வேறொரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தவர்களை ஸ்ரீகாந்தன் வந்து கூப்பிட்டார். அவருக்கு முன்னால் சுப்பவைசர் நடந்தான். தெற்குச் சுவரருகே சென்று, குளியலறை யன்னலின் கீழ்மூலையில் தொங்கிய பசையின் நுனியை இரண்டு விரலால் பிடித்து இழுத்தான். அது தடையேதுமின்றி, நாடாவைப்போல, யன்னலின் உச்சிவரை முழுமையாக உரிந்து வந்தது. அதன் பின்புறம் ஈரமாக இருந்தது.

ஸ்ரீகாந்தன் ஆங்கிலத்தில் விளக்கம் சொன்னார். புதிய ஆட்கள் என்றும், தெற்குச் சுவரைக் கடைசிக்கு விட்டு வெயிலுக்காகக் காத்திருந்தார்கள் என்றும் சொன்னார். சிவபாலனுக்கு எல்லாம் விளங்கவில்லை. வெயில் என்ற சொல் விளங்கியது, சுப்பவைசரின் சிரிப்பும் விளங்கியது. சுப்பவைசர் அந்த நாடாவை அவனுடைய கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

"உள்ளுக்குக் காத்தடிக்குது எண்டு வீட்டுக்காரர் மூண்டு தரம் எழுதிப்போட்டினம்," என்றார் ஸ்ரீகாந்தன், தமிழுக்கு மாறி. "நாளைக்கு ஞாயிறு. ரெண்டு பேரும் வந்து முழுக்கக் கிழிச்சு எடுத்துப்போட்டுத் திருப்பிச் செய்யுங்கோ. திங்கள் அவன் பாப்பான். திரும்பவும் பிழைச்சுதோ, என்னட்டை வேலையில்லை. பிறகு நான் சொல்லேல்லை எண்டு சொல்லக்கூடாது."

"அண்டைக்கு ஈரம் எண்டு நான் சொன்னனான்தானே அண்ணை."

"காலமையே தெற்கைச் செய்திருந்தால் ஏன் இந்தப் பாடு?"

"காலமை ஐஸ் கிடந்தது."

"சரி, காலமை ஐஸ். மத்தியானம்?"

சிவபாலன் கையிலிருந்த நாடாவைச் சுருட்டினான். மத்தியானம் அவன் வெயிலுக்காகக் காத்திருந்தான்.

"பாத்தியே," என்றார் ஸ்ரீகாந்தன். அவருடைய குரலில் கோபம் இல்லை. "நாளைக்கு எனக்கு மகளின்ர ரியூஷன். வரமாட்டன். போன் பண்ணுறன்."

அன்று மாலை சிவபாலன் திருச்சிக்குத் தொலைபேசி எடுத்தான். ஸ்பிரிங்வேலில் கணேசலிங்கமும் அவர் மனைவி நாகபூசணியும் வாடகைக்கு இருந்த வீட்டின் கராஜில் அவனுக்கு ஒரு கட்டிலும் ஒரு கதிரையும் இருந்தன. கராஜின் இழுகதவுக்கும் சீமெந்துத் தரைக்கும் இடையில் பழைய சாரமொன்றைச் சுருட்டி வைத்திருந்தான். அவன் மனைவி தர்சினி திருச்சியில் அவளுடைய சித்தியோடு இருந்தாள். பித்தப்பையில் கல். ஆடி முடிந்ததும் ஒப்பரேஷன் என்று நாள் குறித்திருந்தார்கள். ஒருமுறை தள்ளிப்போட்ட நாள் அது. கோழி வெட்டும் தொழிற்சாலையில் அவனை வேலையிலிருந்து நிறுத்தியபோதுதான் அப்படித் தள்ளிப்போட வேண்டி வந்தது.

"இனிமேல் தள்ள ஏலாதாம்," என்றாள். "டொக்டர் ஏசுறார். பத்தியச் சாப்பாடு சாப்பிட்டுச் சாப்பிட்டு நாக்குச் செத்துப்போச்சு."

"தள்ளத் தேவையில்லை. வேலை இருக்கு."

"நிரந்தரமோ?"

"ஓம். இந்தப் பக்கம் முழுக்க வீடுதான் கட்டுறாங்கள். எல்லா வீட்டுக்கும் யன்னல் இருக்குத்தானே."

அவள் சிரித்தாள், சிரித்ததும் வலித்திருக்க வேண்டும், மூச்சை இழுத்துக்கொண்டாள். "அங்க குளிரோ?" என்று கேட்டாள்.

"இல்லை. இண்டைக்கு நல்ல வெயில்," என்றான்.

ஞாயிறு காலை குசினியில் விளக்கு எரிந்தது. நாகபூசணி ரைஸ் குக்கரின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்றாள். உள்ளே இளஞ்சூட்டுத் தண்ணீரில் சீலண்ட் ரியூபுகள் நெருக்கமாக நின்றன. குளிரில் வைத்தால் பசை கல்லாகிவிடும். கன்னின் விசையை இழுத்து இழுத்து மணிக்கட்டு வீங்கும். அதைக் கண்டுபிடித்ததும், ரைஸ் குக்கரைக் கண்டுபிடித்ததும் சிவபாலன்தான்.

"சோறு வடிக்கிற சட்டியில சுவருக்குப் பூசுறதை அவிக்கிறியள். மனுசர் சாப்பிடுறேல்லையோ?"

"பிளாஸ்ரிக் பையில கட்டித்தான் வைச்சனான் அக்கா. தண்ணி படாது."

"உன்ர அக்காவுக்குச் சொல்லு, எனக்குச் சொல்லாதை. நேற்றுச் சோறு ரப்பர் மணக்குது எண்டு இந்த மனுசன் சொல்லேல்லை, நான்தான் சொன்னனான்."

"நான் நல்லாயிருக்கு எண்டுதான் சொன்னனான்," என்றார் கணேசலிங்கம், சப்பாத்துக் கயிற்றைக் கட்டியபடி. "அப்பிடியே உன்ர ஹெயார் டிரையரையும் தந்தியெண்டால்."

நாகபூசணி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "என்னத்துக்கு? உங்கட தலையில என்ன கிடக்கு?"

"சுவருக்கு."

ஸ்ரீகாந்தனிடம் சூடாக்கும் கருவி ஒன்று இருந்தது; அது டொக்லாண்ட்ஸில் வேறு வேலையில் இருந்தது. நாகபூசணி அறைக்குள் போய், மகளின் கலியாணத்துக்கு வாங்கிய டிரையரை அதன் பெட்டியோடு கொண்டுவந்து சிவபாலனிடம் கொடுத்தாள். கணவரிடம் கொடுக்கவில்லை. "கீழ போட்டிடாதை," என்றாள். ரியூபுகளைத் துவாயில் சுற்றி, மீன் வாங்கிவரும் ஐஸ்பெட்டிக்குள் சூடு போகாமல் அடுக்கி, இருவரும் காரில் ஏறினார்கள். வெஸ்ட்கேற் பாலத்தில் ஏறும்போதுதான் விடிந்தது.

அந்த வீட்டின் வாசலில் இப்போது மாக்கோலம் இருந்தது. கதவைத் திறந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கலாம். இடுப்பில் குழந்தை, காலில் கம்பளிக் காலுறை. திறந்த கதவு வழியாகச் சூடான காற்று வெளியே வந்தது. கணேசலிங்கம் ஆங்கிலத்தில் தொடங்கினார். அவள் நடுவிலேயே கேட்டாள்:

"தமிழா நீங்க?"

"ஓம் பிள்ளை. யன்னல் அடைக்க வந்தனாங்கள்."

"ஐயோ, தெரியவே தெரியாது. நான் வேதவல்லி. வாங்க அங்கிள், வாங்கண்ணா. கிச்சன்லதான் ரொம்ப மோசம். சிங்க்கிட்ட நின்னா கையெல்லாம் மரத்துப்போறது. ஹீட்டர் நாள் பூரா ஓடறது, ஆனா குழந்தைக்குச் சளி விடவே மாட்டேங்குது."

மின்சாரம் தேவைப்பட்டது. துணி துவைக்கும் அறையின் பிளக்கில் வயரைச் செருகி வெளியே இழுத்தபோது, கதவை முழுமையாக மூட முடியவில்லை. வேதவல்லி அந்த நீக்கலை ஒரு துவாயால் அடைத்துப் பார்த்தாள். "பரவால்லையா? இப்படி மூடிக்கலாமா? உள்ள சூடு போயிடும்," என்றாள். பரவாயில்லை என்றான் சிவபாலன்.

பழைய பசையைக் கத்தியால் வெட்டத் தேவையிருக்கவில்லை. நுனியைப் பிடித்து இழுத்தபோதெல்லாம் நாடா நாடாவாக வந்தது. நுரைக் கயிற்றைக் கொக்கியால் வெளியே எடுத்தால் அதிலிருந்து தண்ணீர் வழிந்தது. டிரையரைக் கணேசலிங்கம் பிடித்தார். இடைவெளியின் அடியிலிருந்து உச்சிக்கும், உச்சியிலிருந்து அடிக்குமாக மெதுவாக நகர்த்தினார். செங்கல்லின் கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பாக மாறியது. சிவபாலன் ரிஷ்யூத் தாளொன்றை மடித்து உள்ளே அழுத்தி எடுப்பான். தாளில் ஈரப் புள்ளி தெரிந்தால் தலையாட்டுவான். கணேசலிங்கம் மறுபடி தொடங்குவார்.

"முப்பது வருசத்தில அவளுக்கு ஒருநாளும் நான் இப்பிடிப் பிடிச்சு விட்டதில்லை," என்றார் கணேசலிங்கம்.

"இண்டைக்குப் போய்ச் சொல்லுங்கோ."

"சொன்னால் சுவரையே கலியாணம் கட்டியிருக்கலாமே எண்டு கேப்பாள்."

தாள் காய்ந்து வந்த பிறகே கயிறு, ரேப், பசை. சிவபாலன் ஒவ்வொரு ரியூபையும் ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்ததும் சட்டைக்குள், வயிற்றோடு வைத்துக்கொள்வான். முன்னைய ரியூப் முடியும்போது அது இன்னும் இளகியே இருக்கும். கன் பிடித்தவனின் முழங்கை அசையவில்லை. உடம்பே கீழிருந்து மேலே நிமிர்ந்தது. கோடு எங்கும் தடிக்கவில்லை, எங்கும் அறவில்லை. கணேசலிங்கம் கையுறையைக் கழற்றி, விரலைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்துத் தடவினார். குளிரில் அவருடைய விரல் நுனிகள் வெளிறிப்போயிருந்தன. ஒரு யன்னல் முடிந்ததும் அந்தக் கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

"குடிவரவு இன்ரவியூவில கன் பிடிச்சனியோ எண்டு கேட்டால் கவனம்," என்றார். "பழக்கத்தில ஓம் எண்டிடுவாய்."

"ஏற்கெனவே கேட்டவங்கள்."

"என்ன சொன்னனி?"

"அப்ப பிடிச்சிருக்கேல்லை."

மத்தியானம் வேதவல்லி எவர்சில்வர் தம்ளர்களில் கோப்பி கொண்டுவந்தாள். அவளுடைய கணவன் சேஷாத்ரியும் குளிர்ச்சட்டைக்குள் கைகளை விட்டபடி கூட வந்தான். வங்கியொன்றில் கம்ப்யூட்டர் வேலை.

"உள்ள வந்து உக்காருங்கன்னு சொல்லணும்," என்றாள் வேதவல்லி, அவர்களுடைய சப்பாத்துகளைப் பார்த்தபடி. "கார்ப்பெட் போட்டு ஒரு மாசம்கூட ஆகல."

"இஞ்சயே நல்லது பிள்ளை. உள்ள வந்தால் பிறகு வெளிய வர மனம் வராது."

"சண்டேல வரச் சொல்லிட்டோமேன்னு கஷ்டமா இருக்கு. ஆனா இங்க சண்டேன்னா டபுள் பே தருவாங்க இல்ல?"

கணேசலிங்கம் தம்ளரை உதட்டில் வைத்தார். "தருவினம்," என்றார் குடித்துவிட்டு.

சேஷாத்ரி தெற்குச் சுவரை அண்ணாந்து பார்த்தான். "இந்தப் பக்கம் எவ்வளவு நாளானாலும் காயாது. தெரியுமா, தப்பு எங்களோடதுதான். ப்ளான்ல கிச்சனையும் டைனிங்கையும் இந்தப் பக்கம் போடச் சொன்னதே நான்தான். சவுத்துன்னா வெளிச்சம் இருக்கும், காத்து வரும்னு நினைச்சேன். மெட்ராஸ் புத்தி. இங்க சூரியன் வடக்குல போறதுங்கிறது ஸ்லாப் போட்டப்புறம்தான் மண்டைல ஏறித்து." அவன் சிரித்தான். "ஆபிஸ்ல சொன்னேன். இன்னிவரைக்கும் என்னை ஓட்டறாங்க."

சிவபாலன் தம்ளரின் சூட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தான். "நானும் அப்பிடித்தான் நினைச்சனான்," என்றான்.

"நீங்களுமா?" சேஷாத்ரி மகிழ்ந்துபோனான். "பாத்தியா வல்லி, நான் மட்டும் இல்ல. அப்புறம் என்ன, ஹீட்டர் பாயிண்ட் இன்னும் ரெண்டு சேத்துட்டோம். முடிஞ்சது." அவன் தம்ளர்களை வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.

மூன்றரை மணிக்குக் குசினி யன்னல் மட்டும் மிஞ்சியிருந்தது. அதில் மேற்பக்கமும் இடப்பக்கமும் பசை விட்டாயிற்று; கணேசலிங்கம் தடவிக்கொண்டிருந்தார். அவருடைய சட்டைப் பையில் தொலைபேசி அடித்தது. விரலெல்லாம் பசை.

"எடு தம்பி. ஸ்பீக்கரில போடு."

சிவபாலன் அதை எடுத்து, விரல் கணுவால் அழுத்தி, ஐஸ்பெட்டியின் மூடியில் வைத்தான்.

"கணேசலிங்கண்ணை, எப்பிடிப் போகுது?" ஸ்ரீகாந்தனின் குரலுக்குப் பின்னால் ஒரு காரின் கதவு சாத்தப்பட்டது.

"கடைசி யன்னலில நிக்கிறம். நல்ல வடிவாய் வந்திருக்கு. தாள் வைச்சுப் பாத்துப் பாத்துத்தான் செய்தது. தம்பி ஒரு சொட்டு ஈரம் விடேல்லை."

"நல்லது. நான் சுப்பவைசரோட கதைச்சிட்டன் அண்ணை. அடுத்த பகுதி வீடுகள் எங்களுக்குத்தான். ஆனால் அவனுக்கு ஒரு சமாதானம் சொல்லவேணுமே. பிழை விட்ட ஆளை நிப்பாட்டியாச்சு எண்டு சொல்லிப்போட்டன். உங்களைச் சொல்லேல்லை. தம்பியைத்தான். விசா அலுவலும் இருக்கு, அவனுக்காக நான் ஒவ்வொரு இடத்திலயும் மறுமொழி சொல்லிக்கொண்டு நிக்கேலாது. நாளைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு வராதேங்கோ. இப்ப ஒண்டும் சொல்லவேண்டாம். வேலை முடியட்டும்."

கணேசலிங்கம் பசை பூசிய விரலைக் காற்றில் உயர்த்தியபடி நின்றார்.

"அவன் பக்கத்திலதான் நிக்கிறான்," என்றார். "போன் ஸ்பீக்கரில கிடக்கு."



"சரி. பின்னேரம் எடுக்கிறன்," என்றது தொலைபேசி. திரையின் வெளிச்சம் அணைந்தது.

பக்கத்து மனையில் கட்டப்பட்டிருந்த பிளாஸ்ரிக் விரிப்பொன்று காற்றில் அடித்துக்கொண்டது. கணேசலிங்கம் அவனைப் பார்க்காமல், "நான் கதைக்கிறன் தம்பி. இரவைக்கு நேரில போய்க் கதைக்கிறன். ஒரு மனுசனுக்குச் சொல்லுற நியாயமே இது?" என்றார். பிறகு, "நானும் வரேல்லை எண்டு சொல்லுறன்," என்றார். சொல்லிவிட்டு, சொன்னதன் பாரம் அப்போதுதான் தெரிந்ததுபோல, சுவரில் கையை ஊன்றினார். மூன்று மாதத்துக்கு முன்னர்தான் முதுகு கொஞ்சம் சுகப்பட்டிருந்தது.

"ரேப்பை இழுங்கோ அண்ணை," என்றான் சிவபாலன். "தோல் பிடிக்கப் போகுது."

அவர் ரேப்பை இழுத்தார். அது சுத்தமாக உரிந்து வந்தது.

வலப்பக்கத்து இடைவெளி மிஞ்சியது. சிவபாலன் பழைய பசையை உரித்துக் கீழே போட்டான். கொக்கியை விட்டு நுரைக் கயிற்றை வெளியே இழுத்தான். டிரையருக்காக அவன் கையை நீட்டியபோது, மற்றக் கையின் விரல்களில் ஏதோ பட்டது. இடைவெளிக்குள்ளிருந்து சூடான காற்று வந்துகொண்டிருந்தது. அதில் கடுகு தாளித்த மணம் இருந்தது. அவன் கையுறையைக் கழற்றிவிட்டு நான்கு விரல்களையும் அந்த இடைவெளியின் வாயில் வைத்தான்.

"என்ன, ஈரமோ?" என்று கேட்டார் கணேசலிங்கம்.

"இல்லை. வைச்சுப் பாருங்கோ."

அவர் தன்னுடைய வெளிறிய விரல்களைச் சற்று மேலே வைத்தார். இருவரும் சுவரைப் பார்த்தபடி அப்படியே நின்றார்கள். சற்று நேரத்தில் அவருடைய விரல் நுனிகளில் சிவப்பு திரும்பி வந்தது.

கண்ணாடிக்கு அப்பால் வேதவல்லி குழந்தையோடு சிங்க்கடிக்கு வந்தாள். அவர்களைக் கண்டு சிரித்தாள். குழாய்க்கு மேலே கையை விரித்து, விரல்களை அசைத்து, குளிர்க்காற்று அங்கேதான் அடிக்கிறது என்று காட்டினாள். சிவபாலன் தலையசைத்தான்.

டிரையரால் காயவைத்து, தாளை வைத்து எடுத்தான். தாள் உலர்ந்திருந்தது. இன்னொரு தாளையும் வைத்து எடுத்தான். பிறகு நுரைக் கயிற்றை அடியிலிருந்து செருகத் தொடங்கினான். கயிறு ஏற ஏறச் சூடும் மேலே மேலே ஒதுங்கியது. ரேப்பை ஒட்டி, வயிற்றோடு வைத்திருந்த கடைசி ரியூபைக் கன்னில் மாட்டி, விசையை அழுத்தியபடி மெதுவாக நிமிர்ந்தான். உச்சி மூலையில் ஒரு விரல் நுழையுமளவு இடம் மிஞ்சியபோது அவனுடைய கை நின்றது. இடக்கைச் சுட்டுவிரலை அங்கே வைத்தான். மூச்சுப்போல மெல்லிய சூடு இன்னும் வந்துகொண்டிருந்தது.

விரலை எடுத்துக்கொண்டு விசையை அழுத்தினான்.

உள்ளே வேதவல்லி குழாய்க்கு மேலே கையை விரித்துப் பிடித்துப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். பிறகு குழந்தையின் காலுறைகளைக் கழற்றி, சிங்க்குக்குப் பக்கத்து மேடையில் அதை வெறுங்காலோடு உட்கார வைத்தாள். வெளியே சிவபாலன் ஆறிப்போயிருந்த சவர்க்காரத் தண்ணீரில் விரலை நனைத்து, கோட்டை அடியிலிருந்து உச்சிவரை ஒருமுறை தடவி முடித்தான்.